மடக்குக் கத்திக்கு எத்தனை டிகிரியில் சாணை பிடிப்பது?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் மெதுவாகச் சுற்றும் சாணை எந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கையில் மூன்று மடக்குக் கத்திகள் இருக்கின்றன: ஒரு விக்டோரினாக்ஸ், ஒரு ஓபினெல் 8ஆம் நம்பர், டி2 என்று எஃகின் பெயர் பொறித்த தடித்த கத்தி ஒன்று. ஒருவர் 15 டிகிரி என்கிறார், இன்னொருவர் 20 என்கிறார், வேறொருவர் 30, 40 என்று சொல்லிக் குழப்புகிறார். எதை நம்பி ஜிக்கை, அதாவது கத்தியைக் கவ்வி நிறுத்தும் பிடியைப் பூட்டுவது, வட்டக் கல்லில் பிடித்தால் கத்தியின் வாய் (அறுக்கும் ஓரம்) குழிந்து பலம் குறைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எண் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நாலாவது கத்தி ஒன்று கைக்கு வந்தால் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்ய விரும்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். நம் ஊரில் வெட் கிரைண்டர் என்றால் மாவரைக்கும் எந்திரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதனால் தண்ணீர்ச் சாணை என்றே எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிட்டால், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் எடைபோட வசதியாக இருக்கும். மதுரை கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன். கப்பலூரில் ஒரு டூல் ரூமில் பதினெட்டு வருடம், தகட்டை வெட்டும் அச்சுகளான பஞ்ச், டை கிரைண்டிங் வேலை. அப்புறம் அதை விட்டுவிட்டு சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன இடத்தில் சாணை பிடித்துக் கொடுக்கிறேன், இது பதினோராவது வருடம். தையல்கடைக் கத்தரி, ஓட்டல் கத்தி, அரிவாள்மனை எல்லாம் வரும். மடக்குக் கத்தி வாரத்துக்கு ஐந்தாறு வரும். எஃகைப் பற்றிக் கல்லூரியில் படித்தவன் இல்லை. ஆகவே கீழே கணக்குப் போட்டுச் சொல்லும் இடங்களை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். என் கடையில் பார்த்தது என்று சொல்லும் இடங்களை ஒருவருடைய அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 15, 20, 30, 40 குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கத்தியின் இரண்டு பக்கமும் சாய்வாகத் தேய்த்து நடுவில் வாய் வருகிறது. கத்தியின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கச் சாய்வை அளந்து சொல்வது ஒரு வழக்கம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து மொத்தமாகச் சொல்வது இன்னொரு வழக்கம். பக்கத்துக்கு 15 என்றால் மொத்தம் 30, பக்கத்துக்கு 20 என்றால் மொத்தம் 40. விக்டோரினாக்ஸ் நிறுவனம் தன் கத்திகளுக்குச் சொல்லும் அளவே பக்கத்துக்கு 15 முதல் 20 வரை, மொத்தத்தில் 30 முதல் 40 வரை. பாருங்கள், உங்களிடம் நாலு எண் சொன்னவர்களும் ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இனி யார் எண் சொன்னாலும் 'ஒரு பக்கமா, மொத்தமா?' என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். நான் கீழே எழுதுவது எல்லாம் ஒரு பக்கத்து அளவு.

கோணம் குறையக் குறையக் கத்தி லேசாக இறங்கும். கோணம் கூடக் கூட வாய்க்குப் பின்னால் சதை இருக்கும், அடியைத் தாங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாத ஒன்று: கோணம் குறைந்தால் கூர் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்கிறார்கள், எல்லா வேலையிலும் அப்படி இல்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் கத்தியின் கூரையும் அது தாங்கும் நேரத்தையும் அளக்க ஒரு எந்திரம் வைத்திருக்கிறார்கள். சிலிக்கா மணல் கலந்த அட்டையைக் கத்தி மறுபடி மறுபடி அறுத்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு அறுத்தது என்று அளப்பார்கள். அந்தச் சோதனையில் ஒரே எஃகில் கோணம் குறைந்த கத்திதான் அதிக நேரம் அறுக்கிறது. அட்டைப்பெட்டி, கயிறு, நார் என்று தேய்மானம் மட்டும் இருக்கும் வேலையில் மெல்லிய வாய் மழுங்கிய பிறகும் மெல்லியதாகவே இருக்கிறது, அதுதான் காரணம். அடி, திருகல், எலும்பு, கம்பி என்று வந்தால் கதை மாறிவிடும். அங்கே மெல்லிய வாய் மழுங்குவதற்கு முன்னாலேயே மடங்கும், இல்லாவிட்டால் சின்னத் துண்டாக உடைந்து பல் விழும்.

கோணத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொன்று, சாய்வு தொடங்கும் இடத்தில் கத்தி எவ்வளவு தடிமன் என்பது. இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு வருத்தமே அதுதான். அந்த இடத்தில் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், 20 டிகிரியில் சாய்வின் அகலம் ஒரு பக்கம் 0.73 மி.மீ. வரும். 15 டிகிரிக்கு இறக்கினால் 0.97 மி.மீ. ஆகும். தடிமன் 0.8 மி.மீ. என்றால் அதே இரண்டு கோணத்துக்கும் 1.17 மி.மீ., 1.55 மி.மீ. ஆகிவிடும். தடித்த கத்தியை 15 டிகிரிக்குக் கூராக்கினாலும் மாம்பழத்துக்குள் இறங்கும்போது ஆப்பு அடித்த மாதிரிப் பிளந்துகொண்டுதான் போகும். மெல்லிய கத்தி 20 டிகிரியில் இருந்தாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு கத்தி நன்றாக அறுக்கவில்லை என்றால் எல்லோரும் கோணத்தைக் குறைக்கிறார்கள். பாதி நேரம் குறைக்க வேண்டியது தடிமனை.

இப்போது உங்கள் மூன்று கத்திகளுக்கு வருகிறேன். விக்டோரினாக்ஸின் அலகு, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56. ரொம்பக் கடினம் இல்லை, நன்றாக வளைந்து கொடுக்கும், லேசில் பல் விழாது. இதில் வரும் கோளாறு வாய் மடங்குவதுதான். 18இல் ஆரம்பியுங்கள். பழம், தபால் உறை, நூல் என்று மட்டும் பயன்படுத்தினால் 15 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை ஒரு தடவை அறுத்ததுமே மடங்குவதை என் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓபினெலின் அலகு மெல்லியது, அந்தக் கத்தியின் அழகே அதுதான். அலகில் 'கார்போன்' என்று பொறித்திருந்தால் கார்பன் எஃகு, 'இனாக்ஸ்' என்று இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. இரண்டுக்கும் 15 நன்றாகவே ஒத்துப்போகும். கார்பன் என்றால் எலுமிச்சை, மாங்காய் அறுத்ததும் துடைத்துவிடுங்கள், புளிப்பு பட்டால் கருத்துப்போகும்.

டி2 எனக்குப் பழைய நண்பன். டூல் ரூமில் அதை எச்.சி.எச்.சி.ஆர். என்போம், கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம், குரோமியம் சுமார் பன்னிரண்டு சதவீதம். பஞ்சும் டையும் பெரும்பாலும் அதில்தான் செய்வோம், தேயவே தேயாது. அந்தத் தேயாத குணத்துக்குக் காரணம், எஃகுக்குள்ளே கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள் பெரிது பெரிதாகக் கிடப்பது. வாயை மிகவும் மெல்லியதாக்கினால் அந்தத் துகளைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் போதுமான எஃகு இருக்காது, துகளோடு சேர்ந்து வாயும் உதிரும். அதனால் டி2வுக்கு 20. மெல்லிய அலகாக இருந்து வேலையும் லேசானது என்றால் 18. அதற்குக் கீழே போகாதீர்கள். இன்னொன்று, எந்திரத்தோடு வரும் அலுமினியம் ஆக்சைடு கல்லில் டி2 மெதுவாகத்தான் தேயும். பொறுமை இழந்து அழுத்தாதீர்கள், அழுத்தினால் கத்தி ஜிக்கில் வளைந்து கோணமே மாறிவிடும்.

எண்ணைச் சொல்லிவிட்டேன், ஆனால் எந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, கத்தியின் சாய்வு முழுக்க இரண்டு பக்கமும் மை பூசுங்கள். ஜிக்கில் பூட்டிக் கல்லைக் கையால் அரைச் சுற்று சுற்றுங்கள், மோட்டார் வேண்டாம். கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் போயிருந்தால் உங்கள் கோணம் பழைய கோணத்தைவிட அதிகம். மேல்பக்கம், அதாவது முதுகை ஒட்டிய ஓரத்தில் மட்டும் போயிருந்தால் குறைவு. முழுப் பட்டையும் ஒரே மாதிரி சுரண்டப்பட்டிருந்தால் பழைய கோணத்தை அப்படியே பிடித்துவிட்டீர்கள். அந்த நிலையில் கத்தி ஏற்கெனவே திருப்தியாக வேலை செய்துகொண்டிருந்தது என்றால், டிகிரி எத்தனை என்று தெரிந்துகொள்ளக்கூடத் தேவையில்லை, அப்படியே பிடித்துக் கொடுங்கள். என்னிடம் வரும் பத்துக் கத்தியில் ஏழெட்டுக்கு நான் செய்வது இதுதான். கோணத்தை மாற்றுவது என்றால் கத்தியிலிருந்து எஃகைத் தேய்த்து எறிகிறோம், அது திரும்ப வராது.

இனி எந்திரத்தைப் பற்றி. தண்ணீர்ச் சாணையின் பெரிய பலன் சூடு ஏறாதது. கடைகளில் இருக்கும் ஆறு அங்குல உலர்ந்த கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று ஓடுகிறது, கல்லின் விளிம்பு வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் பறக்கும். சுவீடனின் டோர்மெக் நிறுவனம் 1973இல் தொடங்கியது. இந்த வகை எந்திரத்துக்கு இன்றைக்கு அளவுகோலாக இருப்பது அவர்களுடையதுதான், மற்றவர்கள் செய்வதும் பெரும்பாலும் அதே அமைப்பில். அவர்களுடைய பெரிய எந்திரத்தில் கல் 250 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 90 சுற்று. விளிம்பு வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதோடு தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் சேர்ந்த வருடம் அப்பாவின் பேனாக்கத்தியை உலர்ந்த கல்லில் பிடித்தேன். மூக்குப் பக்கம், அதாவது நுனியில், ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டது. வைக்கோல் நிறம் வந்தது, அதற்குள் கையை எடுக்க வேண்டும், நான் எடுக்கவில்லை, அரிசி அளவுக்கு ஒரு நீலம் பாய்ந்தது. நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டிவிட்டது, துவைச்சல் போட்டு, அதாவது காய்ச்சி முக்கி, ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிட்டது. அப்பா அந்தக் கத்தியில்தான் தினமும் கொய்யா அறுப்பார். அதற்குப் பிறகு மூக்கு மட்டும் மூன்று நாளில் மழுங்கிவிடும், மீதி வாய் கூராகவே இருக்கும். அந்த நீலத்துண்டு முழுக்கத் தேய்ந்து போகும்வரை பல வருடம் அப்படித்தான் இருந்தது. தண்ணீர்ச் சாணையில் இந்த ஆபத்து இல்லை, தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாய் குழிந்துபோகுமா என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு சின்னக் கணக்கு. சாய்வின் அகலத்தை அதே எண்ணால் பெருக்கி, கல்லின் ஆரத்தைப் போல எட்டு மடங்கால் வகுத்தால் குழிவின் ஆழம் வரும். உங்கள் கத்தியில் சாய்வு 1 மி.மீ., கல்லின் ஆரம் 125 மி.மீ. ஆழம் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. தச்சருடைய உளியில் சாய்வு 8 மி.மீ. இருக்கும், அங்கே குழிவு 0.064 மி.மீ., கண்ணுக்கே தெரியும். மடக்குக் கத்திக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பயத்தை முழுசாக விட்டுவிடுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு, அதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கோணத்தை முடிவு செய்வது மூன்று நீளங்கள்: கல்லின் ஆரம், கல்லின் மையத்திலிருந்து ஜிக்கைத் தாங்கும் கம்பி இருக்கும் தூரம், அந்தக் கம்பியை ஜிக் தொடும் இடத்திலிருந்து கத்தியின் வாய்வரை உள்ள நீளம். கல் 250 மி.மீ., வாய்வரை நீளம் 139 மி.மீ., கம்பி சரியாக 20 டிகிரிக்கு நிறுத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கத்தி 5 மி.மீ. கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, கம்பியை நீங்கள் தொடவில்லை. கோணம் 17க்குச் சரிந்துவிடும். 5 மி.மீ. குறைவாக நீட்டினால் 23க்கு ஏறிவிடும். அகலமான டி2வைப் பிடித்துவிட்டு, அதே அமைப்பில் ஒல்லியான விக்டோரினாக்ஸைப் பூட்டினால் நடப்பது இதுதான். அப்புறம் கல் தேய்வது. 250 மி.மீ. கல் தேய்ந்து 230 ஆகும்போது கம்பி அதே இடத்தில் இருந்தால், 20 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 26½. ஒரு வருடம் கழித்து 'முன்பு மாதிரிக் கூர் வரவில்லை' என்று எந்திரத்தைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறியது எந்திரம் இல்லை, கல்லின் விட்டம். ஒவ்வொரு கத்திக்கும் நீட்டத்தை ஸ்கேலில் அளந்து ஜிக்கில் சரிசெய்யுங்கள், மாதம் ஒருமுறை கல்லின் விட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். என் சுவரில் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் இதற்கென்றே தொங்குகிறது: கத்தி, நீட்டம், கம்பி உயரம், தேதி.

கோணமானியை அலகின் பக்கத்தில் சாய்த்து வைத்து அளப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. முதுகிலிருந்து வாய்வரை ஒரே சீராக மெலிந்துகொண்டு வரும் அலகில், பக்கம் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்காது. முதுகு 3 மி.மீ., அகலம் 25 மி.மீ., சாய்வு தொடங்கும் இடத்தில் அரை மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3 டிகிரி சாய்ந்து நிற்கிறது. கோணமானி காட்டும் எண் உண்மைக் கோணத்திலிருந்து அந்த 3 டிகிரி விலகி நிற்கும். உங்கள் டி2 கத்தி இந்த வடிவத்தில் இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வையுங்கள். இதே மெலிவால் ஜிக்கின் தாடையில் கத்தி நேராக உட்காராமல் ஒரு பக்கம் சாயும். ஒரு பக்கச் சாய்வு அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தாடைக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு பக்கம் மட்டும் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள், சரியாகிவிடும். விக்டோரினாக்ஸின் சின்ன அலகு மாதிரி ரொம்ப ஒல்லியானதைச் சாதாரண ஜிக்கில் பூட்டினால், குறைந்த கோணத்தில் ஜிக்கே கல்லில் உரசும். அதற்கென்று சின்னக் கத்திக்கான பிடி தனியாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் கோணத்தை 20க்கு ஏற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை, சின்ன அலகுக்கு அது போதும்.

சரி, கோணம் பிடித்தாயிற்று. ஒரு பக்கத்தை எப்போது நிறுத்துவது? தேய்ந்த எஃகு மெல்லிய விளிம்பாக மறுபக்கம் மடிந்து நிற்கும், அதுதான் பிசிறு. மறுபக்கம் வாயோரமாக அது எழ வேண்டும். பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி இழுத்துப் பாருங்கள், வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். நுனிச்சதையில் கம்பளி நூல் மாதிரி லேசாகச் சிக்கினால் பிசிறு எழுந்துவிட்டது. அடிமுதல் மூக்குவரை ஒரே சீராக எழ வேண்டும், இல்லாத இடத்தில் நீங்கள் இன்னும் வாயைத் தொடவில்லை என்று அர்த்தம். புதிதாகச் செய்பவர்கள் கோணத்தைப் பற்றி ஆயிரம் கவலைப்பட்டுவிட்டுப் பிசிறு வருவதற்கு முன்னாலேயே பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள். 16ஆ 18ஆ என்பதைவிட வாயைத் தொட்டீர்களா இல்லையா என்பது பத்து மடங்கு முக்கியம். பிசிறை எடுப்பது எந்திரத்தில் இருக்கும் தோல் சுற்றிய சக்கரத்தின் வேலை. அங்கே வாய் சக்கரம் சுற்றும் திசையை எதிர்த்து நிற்கக்கூடாது, தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். அங்கேயும் அதே கோணம்தான். கையால் குத்துமதிப்பாகப் பிடித்து நிமிர்த்திவிட்டால், கல்லில் அரைமணி நேரம் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த 15 டிகிரி தோலில் இரண்டு நிமிடத்தில் உருண்டு 25 ஆகிவிடும். கல்லில் பளபளவென்று வந்த கத்தி தோலுக்குப் போய்வந்ததும் வழுக்குகிறது என்றால் அங்கேதான் தேட வேண்டும்.

கோணத்தை இறக்கினால் என்ன ஆகும், எப்படிச் சரிசெய்வது என்பதற்கு ஒரு கத்தியின் கதையைச் சொல்கிறேன். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் வருடத்துக்கு நாலு தடவை வருவார். சட்டைப்பையில் கிடக்கும் மடக்குக் கத்திதான் அவருக்கு எல்லாம். கொடி கட்டும் நாரை அறுக்க, அகத்திக் கிளையைச் சீவ, மதியம் வெங்காயம் நறுக்க. முதல் தடவை 'ரேசர் மாதிரி வேண்டும்ணே' என்றார். 15இல் பிடித்துக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். லென்ஸில் பார்த்தேன், வாயின் அடிப்பகுதி அப்படியே கூராக இருந்தது, நடுவிலிருந்து மூக்குவரை நாலைந்து இடத்தில் ஒரே பக்கமாக மடங்கியிருந்தது. ஒரே பக்கமாக மடங்கினால் திருகியிருக்கிறார்கள் என்று பொருள். கேட்டதும் ஒத்துக்கொண்டார், அகத்திக் கிளையில் கத்தியைச் செருகிப் பக்கவாட்டில் நெம்பிப் பிளப்பாராம். முழுச் சாய்வையும் 20க்கு ஏற்றவில்லை. அந்த 15ஐ அப்படியே விட்டுவிட்டு, வாயின் ஓரத்தில் மட்டும் 20 டிகிரியில் பக்கத்துக்கு மூன்று இழுப்பு. முடிபோல ஒரு கோடுதான் தெரியும். பின்னால் இருக்கும் மெலிவால் நார் முன்பு போலவே அறுபடுகிறது, ஓரத்தில் இருக்கும் அந்தக் கோடு நெம்பலைத் தாங்குகிறது. அடுத்து அவர் வந்தது மூன்று மாதம் கழித்து, வழக்கமான மழுங்கலோடு.

நீங்களும் இப்படிப் பயன்படுத்திப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கத்திக்கும் மேலே சொன்ன எண்ணில் தொடங்கி ஒரு மாதம் பயன்படுத்துங்கள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, சாதாரணமாக மழுங்கியிருக்கிறது என்றால் அடுத்த தடவை 2 டிகிரி இறக்குங்கள். கீழே போகாதீர்கள் என்று சொன்ன எல்லையைத் தாண்டாமல், வாய் மடங்கவோ பல் விழவோ தொடங்கும்வரை இறக்கிக்கொண்டே போய், தொடங்கியதும் 2 டிகிரி மேலே ஏறி அங்கே நின்றுவிடுங்கள். உங்கள் கைக்கும், உங்கள் வேலைக்கும், அந்தக் கத்திக்கும் பொருந்தும் கோணம் அது. வேறு யாராலும் அதைத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. மடங்கியதா பல் விழுந்ததா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைத்தொழில் செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது அதுதான், அந்தப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். லென்ஸ் இல்லாவிட்டால் செல்போன் டார்ச்சை நேரே அடித்து வாயைப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம், மடங்கிய இடம், பல் விழுந்த இடம் எல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். புதுக் கத்தியில் முதல் தடவை பல் விழுந்தால் உடனே கோணத்தைக் குறை சொல்லாதீர்கள். தொழிற்சாலையில் கடைசியாகச் சாணை பிடிக்கும்போது வேகத்தில் வாயோரம் சூடேறியிருக்கலாம். அந்தக் கெட்ட ஓரம் போய் நல்ல எஃகு வெளியே வர இரண்டு மூன்று தடவை சாணை பிடிக்க வேண்டியிருக்கும். அதே கோணத்தில் மூன்றாவது தடவை அதே கத்தி நன்றாக நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே போல, பெயர் எதுவும் இல்லாத கத்தியைக் கண்ணால் பார்த்து இது இன்ன எஃகு என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அது ஊகம்தான். டி2 என்று பொறித்திருப்பதும் உள்ளே டி2 இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. கல்லில் வைத்ததும் வெண்ணெய் மாதிரித் தேய்ந்தால் சந்தேகப்படுங்கள், அப்படிப்பட்டதை விக்டோரினாக்ஸ் மாதிரியே நடத்துங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டைச் சொல்லிவிடுகிறேன், எந்திரம் வீட்டில் இருப்பது தெரிந்தால் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து நீட்டுவார்கள். மா, கொய்யாவில் ஒட்டுக்கட்டும் கத்தி மடக்குக் கத்தி மாதிரியே இருக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துவிட்டால் குச்சியில் வெட்டு நேராக விழாது, ஒட்டும் சரியாகப் பொருந்தாது. அந்தப் பக்கத்தில் பிசிறை மட்டும் தட்டையாக வைத்து எடுங்கள். அரிவாள் வந்தால், அது திருப்பாச்சேத்தியில் அடித்ததாக இருந்தாலும் சரி, வேறு பட்டறையில் அடித்ததாக இருந்தாலும் சரி, ஓங்கி வெட்டும் வேலைக்கு 25க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். இளநீர் சீவுபவருக்கு வேண்டியது தாங்கும் வாய், தாளைக் கிழிக்கும் வாய் இல்லை.

வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கல் தண்ணீரை உறிஞ்சும். இரவு முழுக்க அடிப்பாதி மட்டும் நனைந்து நின்றால் அந்தப் பக்கம் கனத்து, மறுநாள் சுற்றும்போது ஆடும். போர் தண்ணீர் உப்பு என்றால் கத்தியை ஜிக்கிலிருந்து எடுத்த கையோடு துடைத்து, மடக்கும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மூட்டுக்குள் போன சாணைச்சேறு காய்ந்துவிட்டால் திறக்கும்போது கரகரக்கும். முதலில் விக்டோரினாக்ஸை எடுத்து 18இல் மை பூசிப் பாருங்கள். மை எந்த ஓரத்தில் போனது என்று படம் எடுத்துப் போட்டால் டி2வுக்கு எங்கே தொடங்கலாம் என்பதை இன்னும் சரியாகச் சொல்ல முடியும். கூடவே டி2வின் முதுகுத் தடிமன், அகலம் இரண்டையும் அளந்து எழுதுங்கள்.